சிரட்டைத் தண்ணீரும் இரண்டு பக்கக் குறிப்பும்

முதல் தடவை எனக்கு நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை. உயிரியல் பாதுகாப்புக் கொள்கையில், அதாவது நோய்க்கிருமி தானாகப் பரவினாலும் யாராவது பரப்பினாலும் அரசு எப்படித் தடுப்பது என்பதில், பயிற்சி தரும் ஓராண்டு ஃபெலோஷிப் அது. நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வரும் காய்ச்சல் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒப்பந்த வேலையில் இருந்தேன். உலக சுகாதாரத்துக்கு உழைக்க ஆசை என்று விண்ணப்பம் முழுக்க எழுதியிருந்தேன். அதில் ஒரு ஊரும் இல்லை, ஒரு நோயும் இல்லை.

அடுத்த ஆண்டு எனக்குத் தெரிந்ததை எழுதினேன். 2021 ஜூலையில் கொசு பரப்பும் ஜிகா வைரஸின் கேரளாவின் முதல் தொற்று பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு உறுதியானது. எங்கள் குமரி மாவட்டத்தின் எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. சந்தையும் கல்யாணமும் எங்களுக்குப் பொதுதான். அப்படியிருந்தும் டிவி பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அவர்கள் தகவல் திருவனந்தபுரத்துக்கும், எங்களுடையது சென்னைக்கும் போய், டெல்லியில்தான் ஒன்றுசேரும். 2005-ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி ஒரு நாடு ஆபத்தை 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும்; அதன்பின் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்கு எத்தனை மணி நேரம்?

அம்மா பால்வெட்டுக்குப் போகும் ரப்பர் தோட்டத்தில், மழைக்கு வெட்டு நின்ற நாளில், மரத்திலேயே கிடந்த, பால் பிடிக்கும் ஒரு சிரட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு விரல் தண்ணீரில் கூத்தாடிப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. கை நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போயின. ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இவ்வளவு தண்ணீர் போதும்.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிய குறிப்பின் முதல் வரைவு ஒன்பது பக்கம். எங்கள் மூத்த டாக்டர் படித்துவிட்டு, “மக்களே, இத யாருக்கு எழுதுக? அவரு நாளைக்குக் காலைல என்ன செய்யணும்?” என்றார். அந்தக் கேள்விக்கு அப்புறம் அது இரண்டு பக்கமானது. எல்லையின் இருபுறமும் உள்ள நோய்க் கண்காணிப்பு அலுவலர்கள் வாராவாரம் காய்ச்சல் கணக்கை நேரடியாகப் பரிமாற வேண்டும், அவ்வளவுதான் பரிந்துரை.

நேர்காணலில், கிருமிகளை ஆயுதமாக்குவதைத் தடைசெய்து 1975-இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுத உடன்படிக்கையில், நாடுகள் அதன்படி நடக்கின்றனவா என்று சரிபார்க்கும் ஏற்பாடு ஏன் இல்லை என்று கேட்டார்கள். தடுப்பூசி செய்யும் கருவிகளிலேயே ஆயுதத்துக்கான கிருமியையும் வளர்க்கலாம், அதனால் சோதித்து நிரூபிப்பது கடினம், 2001-இல் அதற்கான பேச்சுவார்த்தையும் முறிந்தது என்றேன். சரி, யாராவது வேண்டுமென்றே பரப்பினால் எப்படித் தெரியும்? இயற்கையாக வந்தாலும் பரப்பினாலும், முதலில் கூடுவது ஏதோ ஒரு சுகாதார நிலையத்தின் காய்ச்சல் எண்தான் என்று சொன்னேன். அதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

இடம் கிடைத்துவிட்டது. சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நேற்று ஒரு துணை சுகாதார நிலையத்தின் எண் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. ஏற்றுவதற்கு முன் அங்குள்ள கிராம சுகாதார செவிலியரை போனில் கூப்பிட்டேன்.