ஜகார்த்தா நாட்குறிப்பு: எஸ் கோப்பி சுசு

6 ஜனவரி 2025

எஸ் கோப்பி சுசு என்றால் ஐஸ் பால் காப்பி. அதற்கு இனிப்பு குலா அரென் என்ற வெல்லம். மழைக்காலம் வந்தால் அந்த வில்லை வெளியிலேயே கசிந்து ஒட்ட ஆரம்பித்துவிடும். பார்வைக்கு நம்ம ஊர்க் கருப்பட்டிதான். மரம்தான் வேறு: அரென் மரத்தின் ஆண் பாளையைச் சீவி இறக்கிய பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சி, மூங்கில் குழாயிலோ கொட்டாங்கச்சியிலோ ஊற்றி உறைய வைப்பார்கள். பான்தென் மாகாணத்து லெபாக் சரக்குக்கு நல்ல பேர். வாங்கும்போது ஒரு வில்லையை உடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சீனிப் பரல் மின்னினால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். நல்லதில் லேசான புகை வாசம் இருக்கும். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

8 ஜனவரி

பாகு. ஜகார்த்தா இளசுகள் கையில் பிடித்துக்கொண்டு அலையும் அந்த ஐஸ் பால் காப்பியின் ருசி முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. காப்பிக்கொட்டையைப் பற்றி நீட்டி முழக்குகிறவர்கள் பலர் பாகைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

250 கிராம் அரெனைச் சீவிக்கொண்டு 150 மில்லி தண்ணீர், முடிச்சிட்ட ஒரு ரம்பை (பாண்டன்) இலை, சிட்டிகை உப்பு சேர்த்துச் சிறுதீயில் வைக்கவும். முழுக்கக் கரைந்து கொதி வந்த பிறகு 5 நிமிடம் போதும். நாரும் தூசியும் கட்டாயம் இருக்கும் என்பதால் மெல்லிய வடிகட்டியில் வடிக்க வேண்டும். சூடாக இருக்கையில் தண்ணியாகத்தான் தெரியும். ‘இன்னும் கெட்டியாகட்டும்’ என்று அடுப்பில் விட்டால் ஆறியதும் அடியில் கற்கண்டாக உறையும், குளிர்ந்த பாலில் கரையாமல் கட்டியாகக் கிடக்கும். அப்படி ஆகிவிட்டால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும். தண்ணீர் கூடிப்போனால் பாலோடு உடனே கலந்துவிடும், அடுக்கு நிற்காது.

9 ஜனவரி

ஒரு கப்புக்கு அளவு: பாகு 20 முதல் 25 மில்லி, கப் விளிம்புவரை ஐஸ், குளிர்ந்த பால் 120 மில்லி, 18 கிராம் தூளில் இறக்கிய எஸ்பிரெஸோ 40 மில்லி. வரிசையும் இதேதான். கனமான பாகு அடியில் தங்கும். எஸ்பிரெஸோவை ஐஸ் கட்டியின் மேல் மெதுவாக விட்டால் பாலின் மேல் மிதக்கும். அந்த மூன்று நிறமும் படம் எடுக்கத்தான், குடிக்குமுன் அடிவரை கலக்கியாக வேண்டும். ஐஸைக் குறைத்தால் இருக்கிற ஐஸ் சீக்கிரம் உருகிக் காப்பி நீர்த்துப்போகும்.

எஸ்பிரெஸோ மெஷின் இல்லாவிட்டால் அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் போதும். கொட்டையில் ரொபஸ்டா தூக்கலாக இருக்கட்டும். லாம்பூங், தெற்குச் சுமத்ரா இரண்டும் அதற்குப் பேர்போன இடங்கள். லேசாக வறுத்த அராபிகாவின் புளிப்பு அரெனோடு சேர்ந்தால் பால் திரிந்துபோன ருசி வரும். பணம் கொடுத்து வாங்கும் பிழை அது.

13 ஜனவரி

பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், உட்கார்ந்து குடிக்க வழியில்லாதபோது பரவியது ‘கோப்பி லித்தேரான்’, அதாவது லிட்டர் பாட்டில் காப்பி. நண்பர் அறைக்குப் போகிறவர்கள் இன்றும் வாங்கிப் போகிறார்கள். வீட்டில் ஒரு பாட்டிலுக்கு: பால் 650, காப்பி 200, பாகு 130 மில்லி. ஐஸ் பாட்டிலில் போடக்கூடாது, ஊற்றும் கப்பில்தான். காப்பியை ஃபிரிட்ஜ் குளிருக்குக் கொண்டுவந்த பிறகே பாலில் சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் பால் வெதுவெதுப்பாகி, மறுநாளே புளிக்கும் வாடை. ஒவ்வொரு முறையும் குலுக்காவிட்டால் கடைசி கப்பில் வெறும் பாகு. மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

18 ஜனவரி

சனி இரவு, தெற்கு ஜகார்த்தாவின் பிளோக் எம். 2019 மார்ச்சில் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பழைய வட்டாரத்துக்கு மறுவாழ்வு. நாணய அச்சகமான பெருரியின் ஊழியர் குடியிருப்பு அதே ஆண்டு செப்டம்பரில் ‘எம் பிளோக் ஸ்பேஸ்’ என்ற பொழுதுபோக்கு வளாகம் ஆனது. பிளோக் எம் ஸ்கொயர் வணிக வளாகத்தின் அடித்தளத்தில் பழைய புத்தகம், கேசட், இசைத்தட்டு. யாரும் அவசரப்படுவதில்லை. ‘நொங்க்ரொங்’ என்கிற வெட்டியரட்டைதான் இங்கே முக்கியம், காப்பி என்பது அதற்காக உட்காரக் கொடுக்கும் கட்டணம். 2015இல் சிபெத்தே பகுதியில் திறந்த தோக்கோ கோப்பி துக்குவும், 2017இல் வந்த கோப்பி கெனாங்கானும் ஆகிய காப்பிக்கடைகள் பிடித்துக்கொண்டது இந்த நடு இடத்தைத்தான்: பன்னாட்டுக் கடைக் காப்பியைவிட மலிவு, பாக்கெட் தூள் காப்பியைவிட மேல்.

அதுவும் கட்டுப்படியாகாதவர்களுக்கு ‘ஸ்டார்லிங்’ என்ற சைக்கிள் காப்பிக்காரர்கள் உண்டு. சைக்கிளில் வெந்நீர் பிளாஸ்க், சரம் சரமாகத் தொங்கும் காப்பித்தூள் பாக்கெட்டுகள். ‘ஸ்டார்பக்ஸ் கெலிலிங்’, அதாவது சுற்றித்திரியும் ஸ்டார்பக்ஸ் என்று கிண்டலடித்து வைத்த பேர். நடைபாதை ஓரம் அரட்டைக்கு அதுவே தாராளம்.

21 ஜனவரி

காசு கொடுக்க: 2019 ஆகஸ்ட் 17இல் அறிமுகமான க்ரிஸ் என்ற பொதுக் க்யூ.ஆர். இப்போது தள்ளுவண்டிவரை வந்துவிட்டது. 2023 முதல் மலேசிய, சிங்கப்பூர்ச் செயலிகள் பலவற்றிலிருந்தும் நேரடியாகச் செலுத்தலாம். ஒட்டிவைத்த அட்டையானால் தொகையை நாமே அடிக்க வேண்டும். ‘பிசா க்ரிஸ்?’ (க்ரிஸில் கொடுக்கலாமா?) என்று கேட்டுவிட்டு ஸ்கேன் செய்யலாம். பணம் அனுப்புமுன் திரையில் வரும் கடைப் பேரைச் சரிபாருங்கள். 2023இல் ஜகார்த்தா மசூதி உண்டியல்கள்மீதே போலி ஸ்டிக்கர் ஒட்டி ஒருவர் மாட்டினார்.

இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் ‘லெஸ் ஷுகர்’ என்றாலே புரிந்துகொள்வார்கள். ஆனால் காலையிலேயே மொத்தமாகக் கலந்து வைக்கும் கடையில் அது நடக்காது. கண்ணெதிரே பாகை அளந்து ஊற்றுகிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.