பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு மறதிச் சோதனை

மறதிநோய் (டிமென்ஷியா) ஆராய்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்தது, வளரும் நாடுகளில் இந்த நோயை ஆராய்கிற 10/66 என்ற பன்னாட்டு ஆய்வாளர் குழுவின் வேலை. 1998-ல் கொச்சியில் தொடங்கிய குழு. சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம், வழக்கமான சோதனைகளில் கேட்பதுபோல நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால், நோயே இல்லாதவரும் தடுமாறுவார். அதனால் முதியவரைச் சோதிப்பதோடு, கூட இருக்கிற மகளிடமோ மருமகளிடமோ அன்றாடத்தில் என்ன மாறியிருக்கிறது என்றும் விசாரித்தார்கள். எவ்வளவு நியாயமான யோசனை!

வீட்டுப் பெரியவருக்கு மறதி வந்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அப்புறம், மறதிநோய் உள்ளவரை ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறவர் கொஞ்சம் தூங்க வேண்டும். வீட்டில் மற்றவர்களும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.