பாட்டுக்குக் கொடுக்கும் காசு பாடியவருக்குப் போகணுமா?

மாதச் சந்தா ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் நம் காசு தனியாகப் பிரிவதில்லை. எல்லாம் ஒரே குவியலில் விழுந்து, மொத்தக் கேட்பு எண்ணிக்கைப்படி பங்காகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே (பாட்டு கேட்கப்படுவதற்கான பங்குத்தொகை) கிடையாது. சிறு கலைஞர்களுக்கு இது பெரிய அநியாயம்.

கலைஞர்களிடமிருந்து பாட்டை நேரடியாக விலைக்கு வாங்கும் தளமான பேண்ட்கேம்ப் வேறு மாதிரி. டிஜிட்டல் விற்பனையில் 15% அவர்களுக்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, மீதி கலைஞருக்கு அல்லது லேபிளுக்கு (இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு). ஒற்றைப் பாட்டாக வாங்கினால் அந்தக் கட்டணமே கணிசமாகத் தின்றுவிடும், ஆல்பமாக வாங்குங்கள். 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அந்த 15 சதவீதத்தையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் அது எல்லா மாதமும் வராது, கணக்கு அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரம். நமக்கு வெள்ளி மதியம் 12:30க்கு (குளிர்காலத்தில் 1:30) தொடங்கி சனி மதியம் வரை. வெள்ளி காலையிலேயே வாங்கினால் சேராது!

பேண்ட்கேம்பில் வாங்கும்போது கார்டு மறுக்கப்பட்டால் முதலில் வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

செயலியில் கேட்பதோடு விடாமல் ஃப்ளாக் (FLAC, ஒலித்தரம் குறையாத வடிவம்) கோப்பாக இறக்கி, ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள். ஐஃபோனின் மியூசிக் செயலி ஃப்ளாக்கை ஏற்காது, அதற்கு ஆப்பிளின் தரம் குறையாத வடிவமான ஏஎல்ஏசி (ALAC) கோப்பை இறக்குங்கள்.