ஆளுக்கொரு பிடி கொழுந்து

இலங்கையின் தேயிலைத் தோட்டப்புறத்தில் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்கிறவர்களுக்கு, போகிற இடமெல்லாம் நாம்தான் கொடுக்கிறவர்கள் என்ற எண்ணம் தன்னாலேயே வந்துவிடும். தடுப்பூசித் திகதி சொல்கிறோம், திரிபோஷச் சத்துமா கொடுக்கிறோம், கர்ப்பிணித் தாய்க்குக் குளிசைகளை எண்ணிக் கொடுக்கிறோம், பிள்ளையின் நிறையைப் பார்த்துக் கொப்பியில் புள்ளி வைக்கிறோம். எல்லாம் நம் கையிலிருந்து அவர்கள் கைக்குத்தான் போகிறது. மஸ்கெலியாப் பக்கத்து லயங்களில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அது இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பதை எனக்குக் காட்டியது 2022.

அந்த வருடத்தை மலையகத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் இல்லை. என் ஸ்கூட்டி வீட்டு வாசலிலேயே கிடந்தது. கோதுமை மா விலை ஏறி, ரொட்டியே சாப்பாடாக இருந்த வீடுகளில் ரொட்டியும் சிறுத்துப்போனது. பால்மா வாங்க முடியவில்லை. திரிபோஷவும் ஒழுங்காக வரவில்லை. வெறுங்கையோடு போய் தாய்மாருக்குப் போஷாக்கு பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட நேரத்திலும் ஒரு அம்மாயி, நான் வருவதைப் பார்த்ததும் பேரனைக் கடைக்கு ஓடவிட்டார், எனக்குப் பால் டீ போட ஒரு சின்னப் பைக்கற் பால்மாவுக்கு. "சாயமே போதும் அம்மாயி" என்று சொல்லி அவனைப் பாதியில் கூப்பிட வேண்டியிருந்தது.

அரசாங்க உத்தியோகத்தர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது சரியான விதி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கோழி முட்டை, கித்துள் கருப்பட்டி என்று நீட்டினால் வாங்கமாட்டேன். உரிமையாகக் கிடைக்க வேண்டிய சேவைக்கு ஏழைக் குடும்பம் எதையாவது கொடுத்தாக வேண்டும் என்ற நினைப்பு ஒரு தடவை நுழைந்துவிட்டால், கொடுக்க ஒன்றும் இல்லாதவள் கிளினிக்குக்கு வராமல் நின்றுவிடுவாள். ஆனால் அன்பளிப்புக் கணக்கில் சேராத ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மேல்பிரிவில் ஒரு பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்திருந்தது. பிறந்த பத்து நாளுக்குள் தாயையும் பிள்ளையையும் நாங்கள் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நடந்தே புறப்பட்டேன். பாதி வழியில் குறுக்குப் பாதை மண்சரிந்து மூடிக் கிடந்தது. மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்துவிட்டார். நிரையை விட்டு இறங்கி வந்து, "மிஸ்ஸி, இப்பிடி வாங்க" என்று என் பையை வாங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே சுற்றுப்பாதை. காலில் அட்டை கடித்து ரத்தம் நிற்கவில்லை. ஒரு கல்லில் என்னை உட்காரவைத்து, தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டார். லயத்துக்கு வந்துசேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து பார்த்தேன். மஞ்சட்காமாலை கால்வரைக்கும் இறங்கியிருந்தது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். ஓட்டோ வைத்திருந்த தம்பி ஒருவர், வரிசையில் இரவு பகலாக நின்று பிடித்து வைத்திருந்த பெற்றோலை ஊற்றிக்கொண்டு புறப்பட்டார். கூலியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இவ்வளவு நேரமும் அந்த அக்கா என்னோடுதான் இருந்தார். தேயிலை வேலை தெரிந்தவர்களுக்கு இதன் விலை புரியும். அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச்சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். அது குறைந்தால் அரைப்பேர்தான். 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்த பிறகு கிலோக் கணக்கு பல இடங்களில் இன்னும் இறுகிப்போயிருந்தது. போதாததற்கு, மழைக் கொழுந்து என்றால் ஈரத்துக்கென்று வேறு கழிப்பார்கள். எனக்காக இறங்கி வந்தவருக்கு அன்றைக்கு அரைநாள் சம்பளம் போகப்போகிறது. கொழுந்தை நிறுத்துப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளையிடம் நானே சொல்லலாம் என்று அந்தி நிறுவைக்கு அவரோடு கொழுந்து மடுவத்துக்குப் போனேன்.

பேசத் தேவையே வரவில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற பெண் தன் சாக்குக்குள் கையைவிட்டு, ஒரு பிடி கொழுந்தை அள்ளி அவருடைய சாக்கில் போட்டாள். பிறகு பின்னால் நின்றவள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், மழைக்குத் தலையில் போட்ட கொங்காணி சொட்டச் சொட்ட. பேருக்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு உண்டு. அப்படியென்றால் அந்த ஒரு பிடியும் காசுதான், ரொட்டியும் குறைந்துபோன அந்த மாதத்தில். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வயதான ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "நீங்க எங்க புள்ளையப் பாக்க வந்தீங்க. இவ ஒங்களுக்கு வழி காட்ட வந்தா. அதுக்கு இவ பேரு போகலாமா?"

முள் 18-ஐத் தாண்டியது. கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் கேட்காமல் முழுப்பேர் போட்டார். நெஞ்சு நிறைந்துபோய், நனைந்த உடம்போடு எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. வேலைக்கு வந்த காலத்திலிருந்து இத்தனை சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. என்னை யாரும் பாராட்டவில்லை, நன்றி சொல்லவுமில்லை. தங்களில் ஒருத்தியாக, நியாயம் பார்க்க வேண்டிய கணக்குக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கிளினிக்கில் அந்த அக்காவுக்கு நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்கு மிஸ்ஸி, கொழுந்து போட்டவளுகளுக்குச் சொல்லுங்க" என்றார். அவர்களிடம் சொன்னால், "அந்த ஓட்டோத் தம்பிக்குச் சொல்லுங்க" என்றார்கள். தம்பியைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "புள்ள எப்பிடி மிஸ்ஸி, நிறை கூடிருச்சா?" என்று கேட்டார். 2.4 கிலோவில் பிறந்த பிள்ளை, அன்றைக்குக் காலையில் 3 கிலோவைத் தாண்டியிருந்தது. சொன்னேன்.