பத்து புளியங்கொட்டை

வளைகாப்பு முடிந்து கொருக்குப்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். 28 வாரம் ஆனதுமே செக்கப்பில் நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார்: சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ணு, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். உதை, புரளல், நெளிவு எல்லாம் கணக்கு. ஒரே சீராகத் துடித்துக்கொண்டே இருந்தால் அது விக்கல், அதைச் சேர்க்காதே.

எனக்கு ஏழா எட்டா என்று அடிக்கடி மறந்துவிடும். என் ஆயாதான் (பாட்டி) பத்து புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். ஒரு அசைவுக்கு ஒரு கொட்டை எவர்சில்வர் டம்ளருக்குள். 'டிங்' என்று கேட்டதும் அடுப்படியிலிருந்து அம்மா, "எத்தனைடி ஆச்சு?" என்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷத்தில் பத்தும் விழுந்துவிடும்.

36வது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், காலையிலிருந்து பெரிதாக எதுவும் தெரியவில்லையே என்று உறைத்தது. "ஒன்பதாம் மாசம், உள்ளே இடம் பத்தாது. புள்ள அடங்கித்தான் கெடக்கும்" என்றார் ஆயா. அம்மா ஜில்லென்று சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். படுத்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று கொட்டை. இரண்டு மணி நேரத்தில் நான்கு.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். 'இதுக்கெல்லாமா ராத்திரியில வருவீங்க' என்று யாராவது கேட்பார்களோ என்ற கூச்சத்தில் இன்னும் அரை மணி நேரம் வீணாக்கினேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால் ஒரே வார்த்தை: "கிளம்பி வாங்க." ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. சரக்கு ரயில். வயிற்றில் கை வைத்தபடி பெட்டிகளை எண்ணினேன், நாற்பதுக்கு மேல் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று குழந்தையின் இதயத்துடிப்புக்கு, இன்னொன்று வயிறு இறுகுவதைப் பார்க்க. அசைவு தெரிந்தால் அழுத்த கையில் ஒரு பட்டன். அம்மாவின் தையல் மிஷின் மாதிரி டகடகவென்று சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துடிப்பு 110-லிருந்து 160-க்குள் இருந்தால் மட்டும் போதாதாம். இருபது நிமிஷத்தில் இரண்டு தடவையாவது 15 துடிப்பு கூடி, 15 விநாடியாவது நிற்க வேண்டுமாம். முதல் இருபது நிமிஷம் துடிப்பைக் காட்டும் கோடு ஏறாமல் சும்மாவே ஓடியது. "தூங்குதுபோல, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார் சிஸ்டர். அதற்கடுத்த இருபதில் கோடு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியது. ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீரும் சரியாக இருந்தது.

டாக்டரிடம் ஆயா சொன்னதைக் கேட்டேன். கடைசி மாதத்தில் அசையும் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது என்றார். குழந்தையின் ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிஷம்தான், 90-ஐத் தாண்டுவது அபூர்வம். வீட்டிலேயே துடிப்பு கேட்கும் மிஷின் வாங்கட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, வேண்டாம் என்றார். அதில் துடிப்பு கேட்டால்கூட குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, சில சமயம் கேட்பது அம்மாவின் துடிப்பாகவே இருக்குமாம். "நாளைக்கே மறுபடி குறைஞ்சாலும் வாம்மா, யாரும் திட்ட மாட்டோம்."

38வது வாரத்தில் மறுபடி குறைந்தது. டம்ளரில் ஐந்து கொட்டை இருக்கும்போதே ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டார். இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை, அட்மிட் போட்டு வலி வர மருந்து வைத்தார்கள். மறுநாள் மதியம் மகள் பிறந்தாள், 2.7 கிலோ. மீதிக் கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம் ஆயா.