புதுக் கணினியும் பின்னேரம் ஆறு மணியும்

ஜூன் 6, 2024

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் தம்பி கொண்டுவந்த பெட்டிகளைப் பிரித்து, இன்று முழுநாளும் உட்கார்ந்து பூட்டி முடித்தேன். ரைசன் 5 5600ஜி சிப், பி550 மதர்போர்ட், 16 ஜிபி ரேம் துண்டு இரண்டு, ஒரு டெராபைட் எஸ்எஸ்டி, 550 வாட் பவர் சப்ளை. எல்லாம் புதிது. கரண்ட் போனால் பெட்டறியில் கணினியைத் தாங்கும் யுபிஎஸ்ஸுக்குக் காசு மிஞ்சவில்லை; ஒரு வருடமாக ஸ்டோர் அறையில் கிடந்த பழையதைத் தூசி தட்டி மேசைக்குக் கீழே வைத்துவிட்டேன். சுவிட்சைத் தட்டியதும் விசிறி சுற்றித் திரையில் எழுத்து வந்தபோது கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம் கல்யாணக் கார்ட் செய்து சேர்த்த காசு அது.

ஜூன் 8

முதல் வேலை வந்துவிட்டது, சந்தோஷப்படக்கூடிய வேலை இல்லை. எனக்கு அரிவரி படிப்பித்த டீச்சர் போன செவ்வாய்க்கிழமை காலமானார். ஜூலை 4 முப்பத்தோராம் நாள். அன்றைக்குக் கொடுக்க 48 பக்கத்தில் ஒரு நினைவு மலர். டீச்சரின் மகள் திருகோணமலை திருக்கடலூரிலிருந்து வந்து, கடதாசி உறை ஒன்றில் பழைய படங்களைத் தந்துவிட்டுப் போனா. அச்சகத்துக்கு ஒரு கிழமையாவது வேண்டும். ஆகவே 27ஆம் திகதி என் கையை விட்டுப் போயாக வேண்டும்.

இரவு 9.40க்கு, தேவாரப் பக்கத்தை அமைத்துக்கொண்டிருந்தபோது திரை நீலமாகியது; விண்டோஸ் தாங்க முடியாமல் விழும்போது காட்டும் திரை. ‘ஐஆர்க்யூஎல்’ என்று தொடங்கும் ஒரு வரி. பிறகு தானாகவே மறுபடி தொடங்கியது. புது மெஷின், பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் ஏதோ டிரைவர் மென்பொருள் ஒத்துவரவில்லையாக்கும் என்று நினைத்தேன். நேரத்தை மட்டும் குறித்து வைத்தேன். அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். முப்பது வருடம் வயரிங் வேலை செய்தவர். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு பியூஸ் போனது என்று சட்டைப்பையில் ஒரு கொப்பி வைத்திருப்பார்.

ஜூன் 10

நேற்று முற்பகல் 11.15க்கு மறுபடி நீலம். இந்த முறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’. டிரைவர்களை எல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டேன். இன்று பின்னேரம் 6.10க்கு நீலம்கூட வரவில்லை. ஒரேயடியாக இருட்டு. அறை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, கணினி மட்டும் செத்துப்போய்க் கிடக்கிறது. எட்டுப் பக்க வேலையில் மூன்று பக்கம் போய்விட்டது.

ஜூன் 12

தரைப் பக்கமிருந்து அனலாக அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. திருகோணமலையில், எங்கள் உப்புவெளியில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் நெருப்புக்கு முன்னால் நிற்பதுபோலத்தான். பின்னேரம் மூன்று மணிக்கு இன்னொரு நீலத்திரை, ‘பேஜ் ஃபோல்ட்’ என்று. சூடுதான் காரணம் என்று முடிவுகட்டி, பக்க மூடியைக் கழற்றி, மேசை விசிறியை நேரே உள்ளே திருப்பி வைத்தேன். கூலரையும் கழற்றி, பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன்.

அப்புறம்தான் வெப்பத்தை அளந்து பார்த்தேன். முதலே செய்திருக்க வேண்டிய வேலை. சிப்பின் பன்னிரண்டு திரெட்டையும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) முழுதாக ஓடவிட்டு இருபது நிமிடம் பார்த்தபோது 81 பாகைக்கு மேல் ஏறவில்லை. இந்தச் சிப்புக்கு எல்லை 95. அதோடு, தேவாரம் தட்டெழுதும்போது விழும் மெஷின், இருபது நிமிடம் கொதிக்கவிட்டபோது விழவே இல்லை. சரி, சூடு இல்லை.

ஜூன் 14

மதர்போர்ட்டுக்குள்ளேயே இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தேன். அந்த ஐந்து நிமிடமும் மூச்சு விடவில்லை. நடுவில் கரண்ட் போனால் மதர்போர்ட்டே போய்விடலாம். யுபிஎஸ் இருக்கிறதே என்றுதான் துணிந்தேன்.

பிறகு, பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு ரேமை ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தேன். என் ரேம் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், எக்ஸ்எம்பி இல்லாவிட்டால் 2666இல்தான் ஓடும். வேகத்தைக் குறைத்தால் நிற்குமோ என்று பார்ப்பதற்காக.

ஜூன் 16

நிற்கவில்லை. நேற்று விடிய 6.12க்கு இருட்டு, இரவு பத்து மணிக்கு நீலம். அழுகை வந்தது. அழுதும் விட்டேன்.

இன்று முற்பகல் வேலை எதையும் தொடாமல், குறித்து வைத்த நேரங்களை ஒரே தாளில் வரிசையாக எழுதினேன். கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். ஒவ்வொரு விழுகைக்கும் அதில் ‘கேர்னல் பவர் 41’ என்று ஒரு சிவப்புப் பதிவு இருக்கிறது. எல்லாம் 41 என்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் கடந்து போயிருக்கிறேன். அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது. ஏன் என்பது அதற்குத் தெரியாது. விவரப் பக்கத்தைத் திறந்தால் ‘பக்செக் கோட்’ என்று ஓர் எண் இருக்கிறது. விஷயம் அங்கேதான். விழுந்த நேரமும், கோட்டுக்குப் பின்னால் அந்த எண்ணும் இவை:

8ஆம் திகதி இரவு 9.40 — 10.
9ஆம் திகதி முற்பகல் 11.15 — 26.
10ஆம் திகதி பின்னேரம் 6.10 — 0.
12ஆம் திகதி பின்னேரம் 3.00 — 80.
13ஆம் திகதி பின்னேரம் 6.05 — 0.
15ஆம் திகதி விடிய 6.12 — 0.
15ஆம் திகதி இரவு 10.00 — 59.

பூச்சியம் என்றால், நீலத்திரை காட்டக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. காலடியிலிருந்து கரண்டையே உருவி எடுத்ததுபோல. அந்தப் பூச்சியங்கள் எல்லாம் ஆறு மணியை ஒட்டியே வருகின்றன. மற்றவை கண்ட நேரத்தில், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணோடு.

இது ஒரு நோய் இல்லை, இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஆறு மணிக்கு என்ன நடக்குது?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “நான் மோட்டர் போடுவேன், பிள்ளை.”

ஜூன் 17

ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வீட்டு ராத்தா அனுப்பிய புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவும் நானும் வேலையில் இறங்கினோம்.

அப்பாவின் மீட்டர் மஞ்சள் நிறம், ஒரு பக்கம் உடைந்து டேப் சுற்றியது. என் மேசை பிளக்கில் 214 வோல்ட் காட்டியது. 230 இருக்கவேண்டிய இடம். எங்கள் ஒழுங்கை லைனின் கடைசியில் இருப்பதால் பின்னேரத்தில் அவ்வளவுதான் வரும் என்றார். தம்பியைக் கிணற்றடிக்கு அனுப்பி மோட்டரைப் போடச் சொன்னோம். எண் சட்டென்று 180களுக்குள் விழுந்து எழும்பியது. அதே கணம் மேசைக்குக் கீழே யுபிஎஸ் ‘டக்’ என்றது. “மோட்டர் கிளம்பேக்குள்ள, ஓடேக்குள்ள இழுக்கிறதைப் போல ஐஞ்சாறு மடங்கு இழுக்கும். லைன் விழ, உன்ர பெட்டி பெட்டறிக்கு மாறப் பாக்குது” என்றார் அப்பா.

மாறப் பார்க்கிறது, சரி. மாறுகிறதா? அப்பா கணினியைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு எரியவிட்டார். பிறகு யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினார். பல்ப் அணைந்தது. மின்னக்கூட இல்லை.

எல்லா இணைப்பையும் கழற்றியபின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த 12 வோல்ட் பெட்டறியின் பக்கங்கள் வயிறு ஊதியதுபோல வெளியே தள்ளியிருந்தன. சும்மா அளந்தால் 12.4, பார்த்தவர் எவரும் நல்லது என்றுதான் சொல்வார். அப்பா தன் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் பல்ப் ஒன்றை இரண்டு வயரால் தொடுத்தார். மீட்டர் எட்டுக்கு இறங்கிவிட்டது. சார்ஜ் ஏறாமல் ஒரு வருடம் கிடந்தால் ஈயப் பெட்டறி இப்படித்தான் சாகும் என்றார்.

சந்தேகப்பட்டியலில் நான் எழுதியிருந்தவை எல்லாம் புதுச் சாமான்கள். யுபிஎஸ்ஸை அதில் சேர்க்கவே இல்லை. இதை நம்பித்தான் 14ஆம் திகதி பயாஸைப் புதுப்பித்தேன் என்று நினைக்க உடம்பு கூசுகிறது.

ஜூன் 18

யுபிஎஸ்ஸுக்குப் புதுப் பெட்டறி போட்டாயிற்று. அடுத்தது நீலத்திரை.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தால் முதலில் ரேமைப் பார். இதை இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். ரேமில் கெட்டுப்போன ஓரிடத்தில் இன்றைக்கு டிரைவர் இருக்கும், நாளைக்கு எழுத்துரு இருக்கும். எது அங்கே போய் விழுகிறதோ அதன் பெயரைத்தான் திரை சொல்லும். விண்டோஸிலேயே இருக்கும் ரேம் சோதனையை 9ஆம் திகதியே ஓட்டியிருந்தேன், குறை ஒன்றும் இல்லை என்றது. இன்று பென் டிரைவில் மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற ரேம் சோதனையைப் போட்டு, அதிலிருந்தே தொடங்கி, இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ரேமைக் கழித்திருப்பேன். சாமம் ஒரு மணிக்கு எழும்பிப் பார்த்தபோது திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள்.

ஜூன் 19

எந்த ரேம் துண்டு, அல்லது அதைச் செருகும் எந்தப் பள்ளம்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினேன். முதல் துண்டை, சிப்பின் பக்கமிருந்து எண்ண இரண்டாவது பள்ளத்தில் போட்டு மூன்று சுற்று: சுத்தம். அதே பள்ளத்தில் இரண்டாவது துண்டு: சிவப்பு. அதை நான்காவது பள்ளத்துக்கு மாற்றினேன்: சிவப்பு. முதல் துண்டு நான்காவதில்: சுத்தம். மதர்போர்ட்டில் பிழை இல்லை. துண்டுதான்.

கடையில் பேசினேன். “ரெண்டையும் அனுப்புங்க அக்கா, செட்டாத்தான் மாத்தித் தருவோம்” என்றார்கள். நாளைக்குக் கூரியரில் போகும். தம்பியின் சிநேகிதன் ஒருவன் 8 ஜிபி துண்டு ஒன்றை இரவல் தந்தான். அதையும் சோதித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஜூன் 20

இன்று கண்டதைத்தான் இந்தக் குறிப்புகளிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன்.

நினைவு மலரின் முன்பக்கத்துக்கு டீச்சரின் ஒரு ஸ்டூடியோப் படம். கறுப்பு வெள்ளை, இருபது வயது இருக்கும், ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டு நிற்கிறார். 9ஆம் திகதி ஸ்கேன் செய்து, கீறல்களை நீக்கி, சேமித்து வைத்தேன். இன்று திறந்தால், நெற்றியும் கண்களும் சரியாக இருக்கின்றன. மூக்கின் நடுவிலிருந்து கீழே முகம் முழுவதும் வலது பக்கம் இரண்டு விரல் அளவு நகர்ந்து, ஒரு பச்சைச் சாயம் ஏறி நிற்கிறது. பின்னல் காதை விட்டு விலகித் தனியாகத் தொங்குகிறது.

கெட்ட ரேம் கணினியை விழுத்துவது மட்டுமில்லை. விழாத நேரத்திலும் தன் வழியாகப் போவதைத் தொட்டுவிடுகிறது. ஒரு பிட், அதாவது ஒற்றை 0 அல்லது 1, மாறினால் போதும், சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இடம் பெயர்ந்துவிடலாம். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சேமிக்கப்பட்டது என்றுதான் காட்டியது. விழுந்த நேரங்களை எல்லாம் எழுதி வைத்தேன். இப்படி விழாமல் கெட்டவற்றை எந்தக் கொப்பியில் எழுதுவது?

விண்டோஸையும் இந்த ரேமோடு நிறுவியிருந்தேன். ஆகவே எல்லாவற்றையும் துடைத்து, முதலிலிருந்து நிறுவுகிறேன். ஜூன் 6க்குப் பிறகு செய்த ஒரு கோப்பையும் நம்புவதாக இல்லை.

ஜூன் 21

போசன் போயா. திருக்கடலூருக்குப் போனேன். படங்களை ஸ்கேன் செய்ததுமே திருப்பிக் கொடுத்திருந்தேன். நடந்ததைச் சொன்னபோது டீச்சரின் மகள் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த படத்தின் மாலையைக் கழற்றி, சட்டத்தின் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, படத்தை எடுத்துத் தந்தா. உறையில் வேண்டாம், புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோ என்று தன் சமயப் புத்தகத்தையும் தந்தா.

இரவல் துண்டோடு ஸ்கேன் செய்தேன். மூடித் திறந்து மூன்று தடவை பார்த்தேன். இன்னொரு பிரதியைத் தம்பியின் மடிக்கணினியிலும் வைத்தேன்.

ஜூன் 26

மாற்று ரேம் நேற்று வந்தது. நேற்றிரவு நான்கு சுற்று: சுத்தம். எக்ஸ்எம்பியைப் போட்டு 3200இல் இன்று பகல் இன்னும் இரண்டு சுற்று: சுத்தம். 18ஆம் திகதிக்குப் பிறகு 41 ஒன்றுகூட இல்லை.

நாற்பத்தாறாம் பக்கத்தில், நன்றி நவிலலில் இருந்தேன். ஆறு மணி. “மோட்டர் போடட்டா பிள்ளை?” என்று கிணற்றடியிலிருந்து குரல்.

இத்தனை நாளும் கேட்காமல்தான் போடுவார். நான் சேமித்துவிட்டு, “போடுங்கோ அப்பா” என்றேன். விளக்கு ஒருமுறை மங்கியது. மேசைக்குக் கீழே ‘டக்’. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ‘டக்’. திரை அப்படியே இருந்தது. நன்றி நவிலலில் டீச்சரின் பேரப்பிள்ளை ஒருவரின் பெயர் விடுபட்டிருந்ததைச் சேர்த்தேன்.