உதடு ஒருத்தி, குரல் ஒருத்தி

ஜூன் 3, செவ்வாய்

திரைப்படச் சங்கத்திலிருந்து போன். மாதக் கடைசியில் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். "நாலு மொழி நாயகிகள்" என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள். தெலுங்குப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. சரி என்றுவிட்டேன். போன படத்துக்கே இன்னும் சம்பளம் வந்தபாடில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

இரவு பட்டியல் போட்டேன். பானுமதி, அஞ்சலிதேவி, சாவித்திரி, சௌகார் ஜானகி, சரோஜாதேவி, லட்சுமி... பக்கம் நிரம்பிவிட்டது. இருபது நிமிடத்தில் பெயர்களை வாசித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

ஜூன் 4, புதன்

அம்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"சாரதாவைப் பத்திப் பேசு."

"எந்தச் சாரதா?"

"துலாபாரம் சாரதாடீ. எங்க ஊர்ப் பொண்ணு."

அம்மா பிறந்தது நெல்லூர்ப் பக்கம். சாரதா பிறந்தது தெனாலியில், 1945-ல். பெருமை என்று வந்தால் இரண்டும் அம்மாவுக்குப் பக்கத்து ஊர்.

இயற்பெயர் சரஸ்வதி. பெயரை மாற்றியும் அதே தெய்வத்தின் இன்னொரு பெயர்தான் வாய்த்திருக்கிறது. 1955-ல் 'கன்யாசுல்கம்' படத்தில் சின்னப் பெண்ணாக வந்தவர். 1961-ல் நாகேஸ்வரராவின் 'இத்தரு மித்ருலு', 1963-ல் தமிழில் சிவாஜியோடு 'குங்குமம்', 1965-ல் மலையாளம். இருபது வயதுக்குள் மூன்று மொழி.

ஜூன் 7, சனி

மூன்று மொழி என்றதும் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராக அலைந்திருப்பார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைய கோடம்பாக்கம், வடபழனியை மனதில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. வாஹினி, ஏவி.எம்., பரணி, பிரசாத் ஸ்டுடியோக்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வட்டாரம். ஒரு தளத்தில் தெலுங்கு, அடுத்த தளத்தில் தமிழ். ஆலப்புழையில் உதயா, திருவனந்தபுரத்தில் மெரிலாண்ட் என்று ஸ்டுடியோக்கள் இருந்தும், மலையாளப் படங்களில் பெரும்பகுதி வெகுகாலம் மெட்ராஸில்தான் உருவானது. 1957-ல் 'மாயா பஜார்' தெலுங்கிலும் தமிழிலும் ஒன்றாகவே எடுக்கப்பட்டது. சாவித்திரி இரண்டிலும் உண்டு. அன்றைய நடிகைக்கு மொழி மாறுவது என்றால் பல நாட்களில் தெரு மாறுவதுதான். கால்ஷீட்டைக் காலை, மதியம் என்று பிரித்துக் கொடுத்தால் போதும்.

நாக்குதான் அவ்வளவு லேசாக மாறாது. என் தொழிலே அந்த இடத்தில்தான் இருக்கிறது. தெலுங்கில் ஒருத்தி "லேது" என்று முடிக்கும்போது உதடு குவியும். தமிழில் "இல்லை" போட்டால் உதடு விரிய வேண்டும். க்ளோசப் என்றால் செத்தோம். ப, ம வந்தால் உதடு மூடியே ஆக வேண்டும், அதற்கு ஏமாற்று வழியே கிடையாது. ஒரு "லேது"வுக்காக அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த நாளெல்லாம் உண்டு.

ஜூன் 8, ஞாயிறு

மலையாள 'துலாபாரம்' பார்த்தேன். 1968, வின்சென்ட் இயக்கம், தோப்பில் பாசியின் நாடகம். வறுமை தாங்காமல் பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்துவிட்டு, தான் மட்டும் சாகாமல் கோர்ட்டில் நிற்கிற தாய். இந்தப் படத்துக்குத்தான் சாரதாவுக்குத் தேசிய விருது. அப்போது சிறந்த நடிகை விருதுக்கு ஊர்வசி என்று பெயர், அதனால் 'ஊர்வசி' சாரதா. (பின்னால் வந்த ஊர்வசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மா கேட்டாள், அதனால் எழுதி வைக்கிறேன்.)

தொழில் புத்தி போகுமா? உதட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் சாரதாவின் பல படங்களுக்குக் குரல் கொடுத்தவர் டி.ஆர்.ஓமனா. அவரும் நடிகைதான். பிசிறு எங்காவது அகப்படுமா என்று பத்து நிமிடம் தேடினேன், அப்புறம் தேடுவதையே மறந்துவிட்டேன்.

இதே பாத்திரத்தை 1969-ல் தமிழிலும், அதே வருடம் தெலுங்கில் 'மனுஷுலு மாராலி'யிலும், 1970-ல் இந்தியிலும் சாரதாவே செய்தார். நாலு முறை, நாலு மொழியில், அதே கூண்டில் போய் நின்றிருக்கிறார். அம்மா தெலுங்கில் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். தமிழில் இதற்குக் கிடைத்த பலன் 'அழுகை நடிகை' என்ற முத்திரை. எனக்கு அதில் கோபம்தான்.

ஜூன் 12, வியாழன்

அந்த முத்திரை எவ்வளவு தப்பு என்பதற்கு மலையாளமே சாட்சி. எம்.டி.வாசுதேவன் நாயர் எழுதிய 'முறப்பெண்ணு', 'இருட்டின்றெ ஆத்மாவு' இரண்டிலும் இருக்கிறார். அடூர் கோபாலகிருஷ்ணன் 1972-ல் தன் முதல் படமான 'சுயம்வரம்' எடுத்தபோதும் நாயகி சாரதாதான். இரண்டாவது தேசிய விருது. மூன்றாவது 1978-க்கானது, 'நிமஜ்ஜனம்' என்ற தெலுங்குப் படத்துக்கு. பிறந்த மொழியில் அந்த விருது வருவதற்குள், கற்றுக்கொண்ட மொழியில் இரண்டு வாங்கியாகிவிட்டது. தமிழில் ஒன்றுகூட இல்லை. நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அடூரின் 'எலிப்பத்தாயம்'. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சொந்த வேலைக்கு ஒரு துரும்பையும் நகர்த்தாத அண்ணன், அவனுக்குச் செய்து செய்தே தேய்கிற தங்கை ராஜம்மாவாகச் சாரதா. மூன்று சகோதரிகளுக்கும் அடூர் ஆளுக்கொரு நிறம் கொடுத்திருக்கிறார், ராஜம்மாவுக்கு நீலம். வசனம் கொஞ்சம்தான். என்னைப் போன்றவளுக்கு இதில் வேலையே இருக்காது. முதுகைப் பார்த்தே அலுப்பு தெரிகிறது. 1982-ல் இந்தப் படம் லண்டனில் சதர்லாந்து கோப்பை வாங்கியது. அதே வருடம் தெலுங்கில் என்.டி.ஆரின் 'ஜஸ்டிஸ் சௌதரி'யிலும் சாரதா இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்பக் கஷ்டம்.

1996-ல் தெனாலியிலிருந்து தெலுங்கு தேசம் எம்.பி. இதைப் பேச்சில் ஒரு வரியில் தாண்டிவிடலாம்.

ஜூன் 21, சனி

இதைத் தாண்ட முடியவில்லை. 2017-ல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழுவில் சாரதாவும் ஒருவர். மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரிக்க மூன்று பேர் குழு. 2019 கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள், பல பகுதிகள் நீக்கப்பட்டு வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். அந்தச் சினிமாவில் பல படங்களில் இன்னொருத்தியின் குரலில் பேசியவர், அங்கே வேலை செய்கிற பெண்கள் சொந்தக் குரலில் சொன்னதையெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பேச்சை இதிலிருந்தே தொடங்கலாமா என்று பார்க்கிறேன்.

குரல் விஷயத்தில், 'சந்திரமுகி'க்கு மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்' நினைவுக்கு வந்தது. நாயகி கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது, கங்காவின் குரல் பாக்யலட்சுமி. கங்கா தன்னை நாகவல்லி என்று நினைத்துக்கொண்டு பேசும் தமிழ் வசனங்களுக்குக் குரல் துர்கா என்று இயக்குநர் ஃபாசில் பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

ஜூன் 28, சனி

பேசியாயிற்று. கோர்ட் காட்சியைப் போடும்போது ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. இரண்டு நிமிடம் ஊமைப்படம். யாரும் எழுந்து போகவில்லை. எனக்குப் பயந்த பயம்தான் மிச்சம்.

கடைசியில் கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மேடம், ஓமனா அம்மா போட்டோ ஒண்ணு காட்டுங்களேன்."

என்னிடம் இல்லை. சாரதாவின் படங்கள் பதினொன்று வைத்திருந்தேன். குரலே பிழைப்பாக இருக்கிற நான், குரல் கொடுத்தவரின் படம் ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. "அடுத்த தடவை" என்று அசடு வழிந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தேடி எடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த அம்மாவை எங்கயோ பாத்திருக்கேனேடீ," என்றாள்.